நான் விட்டுக்கொடுக்காத பென்ஷன்

எங்கள் அரசாங்கக் கந்தோரைக் கம்பெனியாக மாற்றப்போகிறார்கள் என்ற கதை நெடுங்காலமாகவே எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அரசாங்கம் செய்யப்போவதாகச் சொல்லும் எதையும் நம்பாமல் இருப்பதற்கு அரசாங்க ஊழியருக்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. கொழும்பு மருதானையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் பிரிவு இருந்தது. களஞ்சியங்கள் ஒருகொடவத்தையில். நாடு முழுவதும் உள்ள அரசாங்க அலுவலகங்களுக்கு மேசை, கதிரை, அலுமாரி, கடதாசி எல்லாம் வாங்கி அனுப்புவதுதான் எங்கள் வேலை. திணைக்களத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது இப்போது இல்லை, அதன் பெயரைச் சொல்லி எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த வருடம் அது. வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் போவதற்குள் பஸ்ஸை மறித்து இறக்குவார்கள், கைப்பையைத் திறக்கச் சொல்வார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கந்தோருக்குப் பிந்தி வந்தால் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு. பொலிஸ் மறித்தது என்று சொன்னால், "அப்படியென்றால் முந்தி வெளிக்கிடுங்கள்" என்பார் பிரதம லிகிதர். மறிக்கிறதும் அரசாங்கம், பிந்தினால் கோடு போடுகிறதும் அரசாங்கம். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். திணைக்களம் கம்பெனியாகிறது. ஊழியர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். கம்பெனிக்குப் போனால் சம்பளம் கூட. இதுவரை செய்த சேவைக்கு ஒரு தொகை கையில் கிடைக்கும். அதற்குப் பிறகு மாதாமாதம் பிடிக்கும் காசு தனியார் சேமிப்பு நிதி ஒன்றில் அவரவர் பெயரில் சேரும். ஓய்வுபெறும்போது மொத்தமாக எடுக்கலாம். ஆனால் பென்ஷன் கிடையாது. கம்பெனிக்குப் போக விருப்பமில்லாதவர்கள் பழைய சம்பளத்தோடு வேறு திணைக்களம் ஒன்றுக்கு மாற்றப்படுவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இருக்கும். மாத முடிவுக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தங்கள் சீதனத்தில் முறிந்தன, பிறகு எனக்கே அலுத்துப்போயிற்று. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், அண்ணனின் வாடகை வீட்டில் இருந்தேன். அண்ணன் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். நல்ல மனிதர், கெட்டிக்காரர், வாழ்நாளில் ஒரு சதத்தை வீணாக்கியதில்லை. அவருடைய மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர்களுக்கு ஒரே மகள், எனக்கு மருமகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என் சம்பளத்தில் பெரும்பகுதி அந்த வீட்டுக்குத்தான் போயிற்று. அதைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

சுற்றறிக்கை வந்து சில நாட்களில் எங்களை எல்லாம் கீழ்மாடி மண்டபத்துக்கு வரச்சொன்னார்கள். அந்தச் சேமிப்பு நிதியின் சார்பில் விளக்கம் கொடுக்க ஒருவர் வந்திருந்தார். அந்த வெக்கையிலும் கோட்டுப் போட்டிருந்தார், பாவம். பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பேசினார். உங்கள் காசு, உங்கள் பெயர், உங்கள் சுதந்திரம் என்றார். பென்ஷன் என்பது உங்கள் பிள்ளைகளின் தலையில் நீங்கள் ஏற்றி வைக்கிற சுமை என்றார். அரசாங்கத்திடம் கையேந்தி நிற்கிற காலம் போய்விட்டது என்றார். பின்வரிசையில் இருந்த இளம் பெடியன்கள் கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் கிழவராவோம் என்று யார் நினைக்கிறார்கள்?

எனக்கு அந்தக் கையேந்துதல் என்ற சொல்தான் சுட்டது. இருபது வருடம் நாரி முறிய வேலை செய்தேன். தமிழில் படித்து வந்தவள், சிங்களப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரவிரவாகச் சிங்களம் எழுதிப் பழகி, தோற்று, மறுபடி எழுதி, சித்தியடைந்தேன். இதற்குப் பெயர் கையேந்துவதா? எழும்பி நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்காரவில்லை.

"மாத்தயா, நான் தொண்ணூறு வயதுவரை உயிரோடு இருந்தால் என்ன நடக்கும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "அப்படி இருக்க என் வாழ்த்துகள், மிஸ். ஆனால் அதற்கேற்ற மாதிரி நீங்கள் திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும்."

"திட்டமிடலாம். ஆனால் எப்போது சாவேன் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டுமே. அதையும் உங்கள் நிதி சொல்லித்தருமா?"

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அடுத்த கேள்வி என்றார்.

மேலே வந்ததும் பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சிங்களப் பெண், தெற்கே காலி என்ற ஊரிலிருந்து வந்தவள், என்னோடு சாப்பாட்டுப் பார்சலைப் பகிர்ந்து தின்கிறவள். எண்பத்து மூன்றில், தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு, நான் திரும்பி வந்தபோது என் மேசையைத் துடைத்து வைத்திருந்தவள். அவள் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. "உனக்கு ஏன் அக்கே இந்தப் பென்ஷன் சண்டை? நீங்கள் தமிழ் ஆட்கள் எல்லாரும் எப்படியும் கனடாவுக்குப் போய்விடுவீர்கள்தானே. காசை எடுத்துக்கொண்டு போவதுதானே லேசு."

அவள் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. அதனால்தான் அப்படிக் கோபம் வந்தது. கள்ளத்தோடு சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அன்போடு ஒருத்தி, நீ இந்த நாட்டில் கிழவியாகப் போவதில்லை என்று சொன்னால் என்ன செய்வது? "நான் ஒரு இடமும் போகமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் தோளில் தட்டிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனாள்.

எங்கள் பிரிவில் இன்னொருவர் இருந்தார், மருதானையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் மனிதர். எல்லாரும் அவரை அண்ணன் என்ற முறையில் 'நானா' என்று கூப்பிடுவோம். அவர் அன்றைக்கே கம்பெனிக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். ஏன் நானா இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"தங்கச்சி, நீங்க செல்றது எல்லாம் சரி. ஆனா எனக்கு மாசாமாசம் சொட்டுச் சொட்டா வார சல்லியில என்ன செய்யேலும்? இப்ப கைக்கு வந்தா ஒரு சின்னக் கடை போடுவேன். புள்ளைகளுக்கு உட்டுட்டுப் போக ஒண்டு வேணுமே. பென்ஷனை உட்டுட்டுப் போகேலுமா?"

அது நியாயமான கதை. அவருக்குப் பிள்ளைகள், வியாபாரம் தெரியும், வீட்டில் எல்லாரும் வியாபாரிகள். அவர் கடையும் போட்டார், அது நன்றாகவும் நடந்தது. ஆனால் அவருடைய நியாயம் எனக்கு ஏன் பொருந்த வேண்டும்? எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக்கொண்டு வந்து, போட்டுப்பார் என்றால் நான் போடுவேனா?

வீட்டில்தான் உண்மையான கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து மச்சாள் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றறிக்கையை வாசித்தார். வாசித்து முடிந்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கனகாலம் பார்க்கவில்லை.

"இதிலை யோசிக்க என்ன இருக்கு தங்கச்சி? உடனை கம்பெனிக்குக் குடு. கையில வாற தொகையோடை என்ர சேமிப்பையும் போட்டால் இஞ்சயே ஒரு பிளாட்டுக்கு முற்பணம் கட்டலாம்."

அப்போதுதான் வெள்ளவத்தையில் பழைய வீடுகளை இடித்துப் பிளாட் கட்டத் தொடங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு இருந்தும் போய் இருக்க முடியாத சனம் எல்லாம் அந்தப் பிளாட்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை கேட்டால் கொழும்பில் ஒரு பிளாட் சீதனமாகக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கமும் அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. அண்ணனின் கண்ணில் அந்தப் பிளாட்டும், அதற்குள் என் மருமகளின் மணவறையும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"பிளாட் ஆற்றை பேரிலை அண்ணா?" என்று கேட்டேன். யாருடைய பெயரில் என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அது என்ன கேள்வி? ஆற்றை பேரிலை இருந்தால் என்ன? உனக்கும் ஒரு அறை இருக்கும்தானே."

அறை. என் இருபது வருடத்துக்கும் இனி வரப்போகிற வருடங்களுக்கும் சேர்த்து ஒரு அறை. அதுவும் மருமகள் கல்யாணம் முடிக்கிற வரைக்கும். மச்சாள் மெல்லத் தொடங்கினாள். மச்சாள் எப்போதும் மெல்லத்தான் தொடங்குவாள்.

"இல்லை மச்சாள், யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்குக் குடும்பம் குட்டி எண்டு ஒண்டும் இல்லை. புருசன் இருந்தால், பிள்ளை இருந்தால், உங்களுக்குப் பிறகும் அவைக்குப் பென்ஷன் போகும். உங்கடை பென்ஷன் உங்களோடையே முடிஞ்சிடும். வீணாப் போயிடுமே. அந்தச் சேமிப்பு நிதியெண்டால், நீங்கள் ஆற்றை பேரை எழுதுறியளோ, அவைக்கு அப்பிடியே வந்திடும். பிள்ளையின்ர பேரை எழுதிவிடுங்கோவன்."

வீணாப் போயிடும் என்றாள். நான் உயிரோடு இருந்து சாப்பிடப்போகிற காசு அல்ல, நான் செத்த பிறகு மிஞ்சப்போகிற காசுதான் அங்கே காசு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவில் ஒரு விஷயம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அதை நான் அப்படியே சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நான் பென்ஷன் எடுத்தால் நீங்கள் எல்லாரும் என்னை நூறு வயசு இருக்கச் சொல்லிக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பியள். மாசாமாசம் காசு வீட்டுக்கு வரும், நான் செத்தால் நிண்டுபோகும். அதுவே மொத்தமாப் பாங்கிலை கிடந்தால், நான் ஒருக்கா இருமினாலும் உங்களுக்கு என்ன நினைப்பு வரும்?"

மச்சாள் கோப்பையை டங்கென்று வைத்தாள். "பாத்தியளே, உங்கடை தங்கச்சி என்னைக் கொலைகாரி எண்டுறா" என்று குசினிக்குள் போய் அழத்தொடங்கினாள். அண்ணன் எழும்பி நின்றார். என்மேல் அவர் குரலை உயர்த்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"எங்களை நம்பமாட்டாய். எண்பத்து மூண்டிலை எங்களை அடிச்சுக் கலைச்ச அரசாங்கத்தை நம்புவாய். விசரோ உனக்கு?"

அவர் கேட்டது சும்மா கேள்வி இல்லை. எண்பத்து மூன்றில் நாங்கள் இதே வெள்ளவத்தையில் இருந்தோம். வீட்டுச் சாமான் எல்லாம் றோட்டில் எரிந்தது. கோயிலில் அகதியாக இருந்து, கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போனோம். அண்ணன் வருடக்கணக்காகத் திரும்பி வரவில்லை. நான் வந்தேன். கந்தோர் திறந்துவிட்டது, வேலைக்குத் திரும்பாவிட்டால் சேவை முறிந்துவிடும் என்று கேள்விப்பட்டதும் வந்தேன். சேவை முறிந்தால் பென்ஷன் போய்விடும். ஊரில் எல்லாரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் ரயில் ஏறினேன். அப்போது அண்ணன் தடுக்கவில்லை, வீட்டில் ஒரு சம்பளமாவது வரட்டும் என்று பேசாமல் இருந்தார். அந்தப் பென்ஷனைத்தான் இப்போது விட்டுக்கொடு என்கிறார்.

"நான் அவங்களை நம்பேல்லை அண்ணா. நம்பாதபடியால்தான் விடமாட்டன் எண்டுறன். அவங்கள் எனக்குக் கடமைப்பட்டவங்கள். இந்தத் தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைச்சால், 'சரி, உன்ர கணக்குத் தீந்துபோச்சு, போ' எண்டு சொல்லிடுவாங்கள். ஏன் தீரவேணும்? என்னைக் கலைச்சவன் எனக்குப் படியளக்கட்டும். அவன்ர வாயாலை இவள் என்ர ஆள் எண்டு மாசாமாசம் சொல்லட்டும்."

"இது காசு விஷயம். இதுக்குள்ளை ஏன் ரோசத்தைக் கொண்டு வாறாய்?"

"ரோசம் இல்லாட்டில் நான் அந்த ரயிலிலை ஏறியிருக்கமாட்டன்."

அண்ணன் வெளியே போய்க் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வந்தார். மறுநாள் காலையில் நான் கந்தோருக்குப் போய், பென்ஷனோடு இருக்கிறேன் என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். எங்கள் மாடியில் என்னோடு இன்னும் சிலர்தான் அப்படி வைத்தார்கள், மற்ற எல்லாரும் கம்பெனிக்குப் போனார்கள். பக்கத்து மேசைக்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

வீட்டில் என்னை ஒருவரும் போ என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆட்கள் இல்லை அவர்கள். மச்சாள் என் கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவாள், குடியுங்கோ என்ற ஒரு சொல் வராது. மருமகள் என் அறைக்கு வருவது நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையில் பிளாட் விலையைப் பற்றிக் கதைப்பார்கள், நான் உள்ளே வந்தால் கதை நிற்கும். மூச்சு முட்டியது. கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்க விதவை ஒருவரின் வீட்டில் மேல்மாடி அறை ஒன்று வாடகைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்து, முற்பணம் கட்டிவிட்டு வந்தேன். அண்ணன், "தனிய இருக்கிற பொம்பிளை எண்டு சனம் என்ன கதைக்கும்? என்ர மரியாதை என்ன?" என்று கேட்டார். "சனம் கதைச்சுக் களைச்சுப்போகும் அண்ணா" என்று சொல்லிவிட்டு முச்சக்கர வண்டியில் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தால் அண்ணன் வென்றார். என்னை மாற்றிய திணைக்களத்தில் பழைய கோவைகள் அடுக்கிய இருட்டறை ஒன்றில் போட்டார்கள். பதவி உயர்வு என் பக்கம் வரவே இல்லை. கம்பெனிக்குப் போனவர்கள் வருடத்துக்கு வருடம் சம்பளம் ஏறி, சிலர் காரும் வாங்கினார்கள். பக்கத்து மேசையில் இருந்த காலிப் பெண் மாடி வீடு கட்டி, குடிபுகும் நாளில் என்னைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினாள். அண்ணன் என்னுடைய தொகை இல்லாமலே கடன் எடுத்து அந்தப் பிளாட்டை வாங்கினார். அதன் விலை பிறகு எங்கேயோ போய்விட்டது. மருமகளுக்கு லண்டன் மாப்பிள்ளை கிடைத்து, பிளாட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்து, அண்ணனும் மச்சாளும் அதிலேயே இருக்கிறார்கள். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் லண்டனுக்குப் போன் எடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது என்று மச்சாள் ஒருமுறை என்னிடம் குறைப்பட்டாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை. அவர்கள் என்னைவிட வசதியாகத்தான் இருக்கிறார்கள், அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனால் யாராவது வந்து, நீ பிழையாகத் தெரிவுசெய்துவிட்டாய் என்று சொல்லட்டும் பார்க்கலாம்! சரி பிழை என்பது பிளாட் விலையில் மட்டும் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்றேன். முதல் பென்ஷன் வங்கியில் விழுந்த நாளில் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்று எனக்கென்று ஒரு நல்ல சேலை வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு விஷயம் விளங்கவில்லை, யாருடைய பிறந்தநாள் என்று கேட்டார்.

பென்ஷன் நாளில் வங்கியில் நல்ல கூட்டம் இருக்கும். எல்லாம் எங்களைப் போன்ற பழைய ஆட்கள், மட்டக்குளியிலிருந்தும் வருவார்கள். வரிசையில் நின்று ஊர்வம்பு அளப்போம். நான் ஓய்வுபெற்ற அந்த நாட்களில்தான், இனிமேல் அரசாங்க வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய மாதிரிப் பென்ஷன் இல்லை, அவர்களும் சேமித்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு அடிபட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு, "அதுவும் சரிதான். இந்தக் காலத்துப் பிள்ளையள் கெட்டிக்காரர். அவைக்கு ஏன் பென்ஷன்? நாடு எவ்வளவெண்டு தாங்கும்?" என்றார். சொல்லிக்கொண்டே பென்ஷன் புத்தகத்தைக் கக்கத்திலிருந்து எடுத்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாஸ்டர், அப்ப உங்கடையை இண்டைக்கு எடுக்காமல் திரும்பிப் போங்கோவன், நாட்டுக்குக் கொஞ்சம் பாரம் குறையும். ஏறின ஏணியை உதைக்கிற வேலை பாக்காதேயுங்கோ" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் என்னோடு சேர்ந்தார்கள், சிலர் மாஸ்டரோடு. ஒரு சிங்கள அம்மா, தன் மகனுக்குப் பென்ஷன் இல்லாத வேலை என்றால் பெண் கொடுக்க மாட்டோம் என்று பெண்வீட்டார் சொல்கிறார்கள் என்று முறையிட்டார். தனியார் கம்பெனியில் வேலை செய்யும் தன் மகளோ பென்ஷன் என்றாலே சிரிக்கிறாள் என்றார் இன்னொருவர். மாஸ்டர் காசை எடுத்து எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

போர் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் தமிழர் இருந்த அறைகள், லொட்ஜுகள் எல்லாம் சோதித்தார்கள். கொழும்பில் இருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்களை ஊருக்கே அனுப்புகிறார்கள் என்ற கதை ஒழுங்கைக்கு ஒழுங்கை ஓடியது. எங்கள் தெருவிலேயே லொட்ஜ் ஒன்றிலிருந்து ஆட்களை, உடுத்த உடுப்போடு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைப் பலகணியில் நின்று பார்த்தேன். மருந்துக்கு வந்திருந்த வயதுபோன மனிசன் ஒருவர் கையில் எக்ஸ்ரே உறையோடு ஏறினார். அண்ணன் போன் எடுத்து, "இஞ்ச வந்து நில்லன், எங்களிட்டை வீடு இருக்குத்தானே" என்றார். அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. அன்று அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் கரைந்துவிட்டது. ஆனாலும் நான் போகவில்லை.

சில நாள் கழித்து, காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஒரு அதிகாரியும் ஒரு இளம் கொன்ஸ்டபிளும். வீட்டுக்கார அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். கொன்ஸ்டபிள் பதிவுப் படிவத்தை ஒரு அட்டையில் வைத்து எழுத, அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

"சொந்த இடம்?"

"யாழ்ப்பாணம்."

"கொழும்பில் ஏன் இருக்கிறீர்கள்?"

"பென்ஷன் எடுக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பென்ஷனை யாழ்ப்பாணத்திலும் எடுக்கலாமே."

வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்தார். பஸ்ஸில் ஏறிய அந்த மனிசனின் எக்ஸ்ரே உறை கண்ணுக்குள் வந்தது. பயந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் பயத்தைவிடப் பெரிய கோபம் ஒன்று கிளம்பியது.

"எடுக்கலாம்" என்றேன். "ஆனால் நான் வேலை செய்தது இந்த ஊரில். நீங்கள் உட்காருகிற மேசை கதிரைகூட நாங்கள் வாங்கி அனுப்பியதாக இருக்கலாம். நானும் உங்களைப் போல அரசாங்கத்தின் ஆள். வேண்டுமென்றால் வங்கிக்கு ஆள் அனுப்பிக் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் எனக்கு யார் காசு போடுகிறார்கள் என்று."

அதிகாரி என் அடையாள அட்டையையும் பென்ஷன் அட்டையையும் வாங்கி, மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொன்ஸ்டபிளிடம் எழுதிக்கொள் என்று கைகாட்டிவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் நடந்தார். கொன்ஸ்டபிள் கடைசிக் கேள்விக்கு வந்தான். படிவத்தில் அதற்கு ஒரு சின்ன இடம்தான் இருந்தது. இரண்டு கிழமை, ஒரு மாதம் என்று எல்லாரும் பயந்து பயந்து சொல்கிற இடம் அது.

"கொச்சர கல் இன்னவத?" என்று கேட்டான். எவ்வளவு காலம் இருப்பீர்கள்?

"மெரெனகன்" என்றேன். சாகும்வரை.

பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "அப்படி எழுத ஏலாது, அம்மே."

"ஏன் ஏலாது? உங்கள் அரசாங்கம் எனக்குப் பென்ஷனை அப்படித்தான் எழுதித் தந்திருக்கிறது. எழுதுங்கள், மகன்."

அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. அவன் அதை எழுதி முடிக்கும்வரை நான் கதவை விட்டு நகரவில்லை.